இமைமுடி எடை

கோர்லிட்ஸ் நகரின் பழைய ரயில்பெட்டித் தொழிற்சாலை,
அதன் நிலவறையில் என் தராசு.
தட்டு கிடையாது அதற்கு.
ஒரு கை நீளத் தண்டு,
சுற்றிலும் காற்றை உறிஞ்சி எடுத்த எஃகு உருளை.
தெருவில் டிராம் திரும்பினால் நடுங்கும்.
ஆகவே என் வேலை
கடைசி டிராம் போன பிறகு.

என் பெயர் ரோஸ்விதா கிரெச்மர்.
‘இல்லை’ என்று எழுதித் தருவது பிழைப்பு.
படகுக்குள் உட்கார்ந்து
அதே படகின் பாயை ஊதுகிறவர்கள்
வருடத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள்.

எக்பர்ட் லோமாட்ச் தன் செம்புக் கூம்பைக்
குழந்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்.
(டாக்ஸிக்குக் காசில்லை.)
இரண்டு பக்கமும் மூடிய பாத்திரம்.
உள்ளே நுண்ணலை முட்டி மோதும்,
வெளியே ஒன்றும் வராது,
ஆனால் நகரும் என்றார்.
தீ இல்லை, புகை இல்லை, எரிபொருள் தொட்டி இல்லை.
வெள்ளியன்று கிளம்பினால்
செவ்வாயன்று செவ்வாய்.

முதல் இரவு மின்சாரம் விட்டேன்.
திரையில் கோடு எழுந்தது.
நான்கு மைக்ரோ நியூட்டன்:
உதிர்ந்த நாலைந்து இமைமுடிகள்
உள்ளங்கையை அழுத்துகிற அழுத்தம்.
லோமாட்ச் மூச்சுவிடவில்லை.
நானும்தான்.
என் முதுகில் ஓடிய குளிரைப்
பதிவேட்டில் எழுதவில்லை.

சந்தேகம் என்றால்
உதட்டைப் பிதுக்குவது என்று நினைக்கிறார்கள்.
திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது அது.
கூம்பைத் தலைமாற்றி வைத்தேன்,
கோடு அதே பக்கம் எழுந்தது.
பக்கவாட்டில் வைத்தேன், அதே.
கூம்பையே எடுத்துவிட்டு
நுண்ணலையைக் குடித்துச் சூடாவதைத் தவிர
வேறேதும் தெரியாத ஓர் உலோகக் கட்டியை மாட்டினேன்.
நான்கு.
கூம்போ மேசைமேல்
துணி போர்த்திக் கிடந்தது.

பதினோராம் இரவு பிடிபட்டது.
கம்பி.
போகிற கம்பிக்கும் வருகிற கம்பிக்கும் நடுவே
ஒரு சாண் இடைவெளி.
அதற்குள் கைவிட்டுப்
பூமியின் காந்தம் தண்டை மெல்லத் தள்ளியிருக்கிறது.
பூமி!
எதையும் உதைக்காமல் பூமியை விட்டுப் போவேன் என்ற எந்திரத்தை
இத்தனை இரவும் தள்ளிக்கொண்டிருந்தது பூமிதான்,
சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால்
சீட்டைப் பிடித்தபடி ஓடுகிற ஆளைப்போல.

இரண்டு கம்பிகளையும் ஜடையாக முறுக்கினேன்.
கோடு படுத்துவிட்டது.

“ஒன்றுகூடவா இல்லை?”
“என் தராசுக்குத் தெரிகிற அளவில் இல்லை.”
“அப்படியானால் அதற்கும் கீழே இருக்கலாம்.”
முயலுக்கும் கொம்பு
என் கண்ணுக்குத் தெரியாத நீளத்தில் இருக்கலாம்.
அதை நான் சொல்லவில்லை.
“இருக்கலாம்” என்றேன்.

ராக்கெட்டின் கணக்கு கொடுமை என்பார் அவர்.
முன்னே போக
எதையாவது பின்னே எறிந்தாக வேண்டும்,
என்ன நியாயம் இது?
ஸிட்டாவில் இருந்த வீடு.
காப்பீட்டுப் பணம்.
பதினேழு வருடம்.
ஈஸ்டருக்கு அக்கா வீட்டுக்குப் போய்
அங்கேயே தங்கிவிட்ட ஹெய்க்கே.
அந்தக் கணக்கு சரியாக இருந்தால்
லோமாட்ச் இந்நேரம்
எவ்வளவோ தூரம் போயிருக்க வேண்டும்.
எனக்கு இந்த இடம் மட்டும் புரியவில்லை.

விடியுமுன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
“அடுத்த கூம்பின் அடி இன்னும் குறுகல்” என்றார்.
கொண்டுவாருங்கள் என்றேன்,
கம்பியை முறுக்கியே வைத்திருப்பேன்.

ஜன்னல் தெருமட்டத்தில்.
அவர் கால்கள் மட்டும் தெரிந்தன,
கூடவே வண்டியின் நான்கு சக்கரம்.
நைஸே பாலத்தைத் தாண்டிப் போலந்துக் கரைக்கு,
அங்கே வாடகை குறைவு.
ஒவ்வோர் அடிக்கும்
பூட்ஸ் பனியைப் பின்னால் தள்ளியது,
பனி அவரை முன்னால் தள்ளியது.